செராமிக்குக்கு பதிலா லேசான, சூடு தாங்குற இன்சுலேஷன்: முருங்கை இலை டிரையர் ஹீட்டருக்கு எது சரி வரும்?

முருங்கைக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். அரவக்குறிச்சி பக்கம் சின்னதா பட்டறை வச்சு முருங்கை இலை காய வைக்கிற டிரையர் செஞ்சு கொடுத்துட்டு இருக்கோம். இப்ப வண்டியில ஏத்தி தோட்டம் தோட்டமா கொண்டு போற மாதிரி ஒண்ணு பண்றோம். ஹீட்டர் 6 கிலோவாட், த்ரீ பேஸ், பேஸுக்கு 2 கிலோவாட் நிக்ரோம் காயில், பின்னாடி ப்ளோவர். இலை மேல படுற காத்து 50, 55 டிகிரிக்கு மேல போகக் கூடாது, போனா பச்சை நிறம் போயிடும், அப்புறம் எவனும் வாங்க மாட்டான். காயிலைத் தாங்குறது போர்சலின்ங்கற செராமிக் புஷ், நடுவுல 8 மிமீ எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடு விட்டு ரெண்டு முனையிலயும் நட்டு. ஒரே இடத்துல நிக்கிற மிஷின்ல இதுல பிரச்சினையே இல்ல, ஆனா வண்டியில ஏத்துனா புஷ் விரிசல் விடுது, ஓரம் தெறிச்சு சில்லு கீழ விழுது, இலையில சில்லு கலந்துட்டா என்ன ஆகும்னு நினைச்சாலே பயமா இருக்கு. வெயிட்டும் குறையணும். நெட்ல பாத்தா பீக்ங்கற பிளாஸ்டிக் 250 டிகிரி, டெஃப்லான் 260, கேப்டான்ங்கற பிளாஸ்டிக் ஃபிலிம் 400, மைக்கா 700, செராமிக் ஃபைபர் 1260னு போட்டிருக்கான். எதை எடுக்கறதுன்னு தெரியல, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சர்க்யூட்_தம்பி:
ப்ரோ பீக் போடுங்க. அடர்த்தி 1.3 தான், போர்சலின் 2.4, பாதி வெயிட் குறைஞ்சிடும். லேத்ல ஈஸியா திருப்பலாம், கீழ போட்டாலும் உடையாது. காசு மட்டும் ஜாஸ்தி.

லேப்_அக்கா:
தம்பி, பீக் நல்ல பொருள்தான், ஆனா இந்த இடத்துக்கு வேணாம். அந்த 250 டிகிரிங்கறது பொருள் வருஷக்கணக்கா கெட்டுப் போகாம இருக்கிற சூடு, விறைப்பா நின்னு பாரம் தாங்குற சூடு இல்ல. 143 டிகிரிலயே அது இளக ஆரம்பிச்சிடும், 343ல உருகிடும். காயில் நேரா தொட்டுட்டு இருக்கிற இடத்துல அதெல்லாம் ஒரு நிமிஷம் தாங்காது. இன்னொண்ணு, பீக் மேல தூசியும் ஈரமும் சேந்து சின்னச் சின்ன ஸ்பார்க் வந்தா மேற்பரப்பு கரியாகி அந்தக் கரி வழியாவே கரண்ட் பாயும், அந்த விஷயத்துல அது ரொம்ப பலவீனம். முருங்கை இலைத்தூள் பறக்கிற மிஷின்ல அது முக்கியம்.

முருங்கைக்காட்டான் தம்பி, நீங்க டிகிரியை வரிசையா எழுதி இருக்கீங்க பாத்தீங்களா, எல்லாரும் அங்கதான் மாட்டுறாங்க. செராமிக் ஒரே நேரத்துல நாலு வேலை பாக்குது. கரண்டைத் தடுக்குது, சூடு தாங்குது, பாரம் தாங்குது, ஈரம் தூசி பட்டாலும் மேல கரி பிடிக்காம இருக்கு. அந்த நாலையும் ஒண்ணா செய்யற லேசான பொருள் கடையில கிடையாது, கிடைச்சாலும் உங்க பட்ஜெட்ல வராது. அதனால எந்த இடத்துல எந்த வேலைன்னு பிரிச்சுட்டு, இடத்துக்கு ஒரு பொருள் போடுங்க. காயில் தொடுற இடம், ஃபிரேம்ல பிடிக்கிற இடம், டெர்மினல் தட்டு, உள்ள வர்ற ஒயர், இந்த நாலு இடத்துலயும் சூடு எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க முதல்ல.

முருங்கைக்காட்டான்:
அக்கா கன் தெர்மாமீட்டர் வச்சு பாத்தேன். ராடு முனை 70, எஸ்எஸ் ஃபிரேம் 60, டெர்மினல் தட்டு 95. காயில் மட்டும் ஒவ்வொரு தடவை ஒவ்வொண்ணு காட்டுது.

சிங்காநல்லூர்_ரீவைண்டிங்:
தம்பி அந்த கன்னை நம்பாதீங்க. பளபளன்னு இருக்கிற எஸ்எஸ் மேல அது எப்பவும் கம்மியாத்தான் காட்டும், பக்கத்துல இருக்கிறதோட சூட்டைத்தான் பாதி வாங்கிக் காட்டுது. ஃபிரேம்ல ஒரு இடத்துல மேட் கருப்பு பெயின்ட் அடிச்சு அந்த இடத்தைப் பாருங்க, இல்லன்னா கே டைப் தெர்மோகப்பிள் (தொட்டு சூடு அளக்கிற கம்பி) கட்டி விட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். காயிலுக்கு ஒரு சுலபமான வழி இருக்குதுங்க. ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு ப்ளோவர் ஓடும்போதே காயிலைப் பாருங்க. நல்ல இருட்டுல கண்ணுக்கு லேசா சிவப்பு தெரிய ஆரம்பிக்கிறது 525 டிகிரி வாக்குல. சிவப்பே தெரியலன்னா அதுக்குக் கீழதான் ஓடுதுன்னு அர்த்தம்.

பொருளுக்கு வந்தா, மைக்காதாங்க. பழைய இஸ்திரிப்பெட்டியைப் பிரிச்சா உள்ள என்ன இருக்கு, மைக்கா தகட்டுல நிக்ரோம் பட்டையைச் சுத்தி மேலயும் கீழயும் இன்னொரு மைக்கா தகடு வச்சு அமுக்கி இருப்பான். ஹேர் டிரையரைப் பிரிச்சா கூட்டல் குறி மாதிரி ரெண்டு மைக்கா அட்டையைக் கோத்து ஓரத்துல பல்லு வெட்டி அந்தப் பல்லுல காயிலை உக்கார வச்சிருப்பான். உங்களுது அதே வேலைதான், கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.

பழைய_போர்மேன்:
பொருளை மாத்துறதுக்கு முன்னாடி புஷ் ஏன் உடையுதுன்னு பாருங்க. எஸ்எஸ் 304 ஒரு டிகிரி சூடேறினா மீட்டருக்கு 17 மைக்ரான் நீளும், போர்சலின் 5, 6 தான் நீளும். உங்க ராடுல புஷ் கோத்திருக்கிற நீளம் எவ்வளவு? 300 மிமீ இருக்கும்னு வச்சுக்குங்க. 200 டிகிரி ஏறினா ராடு 1 மிமீ நீளும், புஷ் எல்லாம் சேந்து 0.3 மிமீ. முக்கால் மிமீ கிட்ட இடைவெளி விழுந்துடுது. அந்த நிலைமையில வண்டி குலுங்கினா புஷ்ஷோட முகம் ஒண்ணோட ஒண்ணு முட்டி ஓரம் தெறிக்கும். சூடா இருக்கும்போது லூஸா இருக்குன்னு ஸ்பானர் வச்சு யாராவது இறுக்கினா இன்னும் மோசம், ஆறும்போது ராடு சுருங்கி புஷ்ஷை நெரிக்கும். ராடு முனையில தட்டு ஸ்பிரிங் வாஷர் ரெண்டு எதிரெதிரா வைங்க, புஷ்ஷுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல மைக்கா வாஷர் வைங்க, பாதி உடைசல் அதுலயே நின்னுடும். செராமிக் மேல தப்பு இல்ல, பிடிச்ச விதத்துல தப்பு.

முருங்கைக்காட்டான்:
ஐயா ரொம்ப நன்றி, கோத்த நீளம் 300 தான், ராடுக்கு 12 புஷ். ஸ்பிரிங் வாஷர் போட்டா உடைசல் நிக்கும், வெயிட் குறையாதே?

பழைய_போர்மேன்:
குறையாது. வண்டியில போற சாமானுக்கு வெயிட்டை விட நம்பிக்கை பெருசு, அது என் அபிப்பிராயம்.

லேப்_அக்கா:
ஐயா சொன்ன கணக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா வெயிட்டையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாத்துடலாம், ஏன்னா நிறைய பேர் அடர்த்தியை மட்டும் பாத்து முடிவு எடுக்கறாங்க. 20 மிமீ விட்டம், 25 மிமீ நீளம், 8 மிமீ ஓட்டை இருக்கிற போர்சலின் புஷ் ஒண்ணு சுமார் 16 கிராம். 12 புஷ்னா 190 கிராம். அதுக்குள்ள போற எஸ்எஸ் ராடு 350 மிமீனா அதுவே 140 கிராம். ஒரு ராடுக்கு 330 கிராம், பேஸுக்கு 4 ராடுன்னா 1.3 கிலோ, மூணு பேஸுக்கும் சேத்து 4 கிலோ. இதுல புஷ்ஷை பீக்கா மாத்தினா புஷ்ஷுக்கு 7 கிராம்தான் குறையும், ராடு அப்படியே இருக்கும்.

மைக்கா அட்டை 300க்கு 120, 1 மிமீ கனம்னா 75 கிராம் வரும். ரெண்டை கூட்டல் குறியா கோத்தா 150, பிடிக்கிற கிளாம்ப் எல்லாம் சேத்தாலும் பேஸுக்கு கால் கிலோ தாண்டாது. மைக்கா போர்டோட அடர்த்தி 2.1, போர்சலினை விட பெருசா ஒண்ணும் கம்மி இல்ல. ஆனா 1 மிமீ கனத்துலயே வேலை முடிஞ்சிடுது, ராடும் வேண்டாம். செராமிக்கை அந்த மெலிசுல வார்த்தா வண்டியில நிக்காது. லேசுங்கறது அங்கதான் வருது, பொருளோட அடர்த்தியில இல்ல. மத்த செராமிக்ல நல்ல அலுமினா 3.9, ஸ்டியடைட் 2.7, அதெல்லாம் இன்னும் கனம்.

சர்க்யூட்_தம்பி:
அக்கா கேப்டான் 400 டிகிரி தாங்கும்ல? 25 மைக்ரான் ஃபிலிம், வெயிட்டே இல்ல. சேட்டிலைட்ல எல்லாம் அதுதான் போடறாங்க.

லேப்_அக்கா:
400ங்கறது கொஞ்ச நேரத்துக்கு தம்பி. வருஷக்கணக்கா ஓடற சாமானுக்கு 220, 240 தாண்டி நம்ப முடியாது. ஃபிலிமா இருக்கிறதால அதுக்கு நிக்கிற பலமும் இல்ல, மோட்டார் ஸ்லாட்டுக்குள்ள, காயிலுக்கு நடுவுல வைக்கத்தான் அது. இதுலயும் அந்தக் கரிப்பாதை பிரச்சினை உண்டு. 1980களின் நடுவுல அமெரிக்கக் கடற்படை புது விமானங்கள்ல கேப்டான் ஒயர் போடறதை நிறுத்தினதுக்கே காரணம் அதுதான், உரசி வெடிப்பு விட்ட இடத்துல ஈரம் பட்டு ஸ்பார்க் ஆரம்பிச்சா அப்படியே கட்டு முழுக்க கருகிட்டு போச்சு. 25 மைக்ரான் தாங்குற வோல்டேஜைப் பாத்தா பிரமாதம், 7000 வோல்ட் தாண்டும், ஆனா உங்களுக்கு வேணுங்கறது 230 வோல்ட்தானே. ஹீட்டர்ல இன்சுலேஷன் உள்ளுக்குள்ள துளைச்சுட்டுப் போறது அபூர்வம், மேற்பரப்பு வழியா கரண்ட் நடந்து போறதுதான் வழக்கம்.

முருங்கைக்காட்டான்:
டெர்மினல் தட்டுக்கு இப்ப ஹைலம்ங்கற பிசின் அட்டை ஷீட் தான் போட்டிருக்கோம். கருப்பு பெயின்ட் அடிச்சு அளந்தேன், ரீவைண்டிங் அண்ணா சொன்ன மாதிரியே வித்தியாசம், தட்டு 130 காட்டுது. ராத்திரி பாத்ததுல காயில்ல சிவப்பு தெரியல, காத்து கம்மியா போற மூலையில மட்டும் லேசா ஒரு சிவப்பு.

சிங்காநல்லூர்_ரீவைண்டிங்:
ஹைலம் வேண்டாங்க தம்பி, மாத்திடுங்க. 105, 120 வரைக்கும்தான் அது. மோட்டார் டெர்மினல் போர்டுக்கு சரி, ஹீட்டருக்கு சரி வராது. அது ஃபீனாலிக் பிசின், கருகினா நல்லா கரண்ட் கடத்துற கரியாயிடும். எங்கிட்ட ஒரு ஓவன் வந்துச்சு, டெர்மினல் ஸ்குரூ லூஸாகி சூடாகி ரெண்டு ஸ்குரூவுக்கும் நடுவுல ஹைலம் மேல பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பா ஒரு வரி, கிளை கிளையா பிரிஞ்சு போயிருந்துச்சு. மெக்கர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) வச்சா முள்ளு சைபர்ல நிக்குது. சுரண்டி எடுத்தாலும் உள்ள வரைக்கும் கரி இறங்கி இருந்துச்சு, தட்டையே தூக்கித்தான் போட்டோம்.

130க்கு சிலிக்கான் பிசின் போட்ட கண்ணாடித்துணி ஷீட் வாங்குங்க, ஜி-7ன்னு கேட்டா கொடுப்பாங்க, 220 வரைக்கும் கவலையில்ல, ஸ்பார்க்கையும் நல்லா தாங்கும். பச்சையா வர்ற சாதா எபாக்ஸி கண்ணாடித்துணி ஷீட் எஃப்ஆர்-4 130லயே எல்லையில நிக்கும், ஜி-11னா 155, 180 வரைக்கும் ஓட்டலாம். டெர்மினலுக்கு டெர்மினல் தூரத்தைக் கொஞ்சம் தாராளமா விடுங்க, நடுவுல ஒரு ஹாக்ஸா அகலத்துக்கு பள்ளம் வெட்டி விட்டா தூசி ஒரே கோடா சேராது.

டெஃப்லான் தட்டு போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. 260 தாங்கும், மேல கரியே பிடிக்காது, எல்லாம் சரி, ஆனா ஸ்குரூவை இறுக்கினா நாள்பட அது அமுங்கி நகந்துடும், ஸ்குரூ லூஸாகும், லூஸானா சூடாகும். ஒயருக்கு மட்டும் டெஃப்லான் நல்லது.

லேப்_அக்கா:
டெஃப்லான் ஒயரையும் காயில் பக்கம் கொண்டு போகாதீங்க. 350 டிகிரி தாண்டினா விஷப்புகை விடும், அது மனுஷனுக்கு காய்ச்சல் வர வைக்கும், பக்கத்துல கூண்டுக்கிளி இருந்தா செத்தே போகும். நீங்க சாப்பிடற பொருளைக் காய வைக்கிறீங்க, ப்ளோவர் நின்னு போச்சுன்னா காயில் எங்க போய் நிக்கும்னு யோசிச்சுக்கங்க.

கரூர்_கனெக்‌ஷன்:
எங்க பட்டறையில பழைய ஆஸ்பெஸ்டாஸ் போர்டு கொஞ்சம் கிடக்குது, அந்தக் காலத்து ஸ்விட்ச் போர்டு, அடுப்புக்கெல்லாம் அதுதான். வேணும்னா தர்றேன், நல்லா சூடு தாங்கும். இல்லன்னா செராமிக் வூல் போர்டு இருக்கு, பஞ்சு மாதிரி லேசு.

லேப்_அக்கா:
அண்ணா தயவு செஞ்சு அதை வெட்டாதீங்க, துளையும் போடாதீங்க, யாருக்கும் கொடுக்காதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் நாரு நுரையீரல்ல போனா வெளிய வராது, இருபது முப்பது வருஷம் கழிச்சு புற்றுநோயா வந்து நிக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மனுஷனுக்கு புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியாச் சொல்ற முதல் வகுப்புல வச்சிருக்கிற பொருள் அது. வேலை செய்ற பசங்க அதை வெட்டி ஊதி விடறதை நினைச்சா எனக்குத் தாங்கல. ஈரத்துணியால மூடி கனமான பிளாஸ்டிக் பையில கட்டி தனியா வைங்க.

செராமிக் வூல் 1260 கிரேடு சூட்டுக்குத் தடுப்பு, கரண்டுக்கு இல்ல. ஈரத்தை உறிஞ்சிடும், காத்துல நாரு பறக்கும், அதையும் புற்றுநோய் சந்தேகப் பட்டியல்ல வச்சிருக்காங்க. காத்து அப்படியே இலை மேல போற டிரையர்ல, காத்து போற பாதையில அதுக்கு இடமே இல்ல. வெளிச்சுவர்ல ரெண்டு தகட்டுக்கு நடுவுல அடைக்கறதுன்னா ராக்வூலே போதும். கால்சியம் சிலிகேட் போர்டும் இதே கதைதான், லேசு, சூடு தாங்கும், ஆனா ஒரு மழை நாள் காலையில கரண்ட் கசியும்.

முருங்கைக்காட்டான்:
அப்ப காயிலுக்கு மைக்கா, டெர்மினலுக்கு சிலிக்கான் கிளாஸ் ஷீட். மைக்கால என்ன வாங்கணும், எப்படி மாட்டணும்? வண்டி குலுங்கினா மைக்கா ஏடு ஏடா பிரியாதா?

சிங்காநல்லூர்_ரீவைண்டிங்:
பிரியும், அந்த பயம் நியாயமானதுதான். இப்ப வர்ற மைக்கா ஷீட் பெரும்பாலும் மைக்காவைக் கூழாக்கி காகிதமா எடுத்து சிலிக்கான் பிசின் போட்டு அமுக்குனது, பிசின் பத்துல ஒரு பங்குக்கு உள்ள இருக்கும். முதல் தடவை சூடேத்தும்போது காயில் ஒட்டின இடத்துல அந்தப் பிசின் எரிஞ்சு வெள்ளையா புகை வரும், நாத்தம் வரும். அதுக்கு அப்புறம் அந்த இடம் கொஞ்சம் பொரபொரன்னு ஆயிடும். அதனால பாரத்தை மைக்கா மேல போடக் கூடாது. அட்டையோட ஓரம் நாலையும் காயில்ல இருந்து தள்ளி, சூடு கம்மியான இடத்துல, எஸ்எஸ் சேனல்ல உக்கார வச்சு லேசா பிடிங்க, சேனலுக்குள்ள அட்டை நீளவாக்குல ஒரு மிமீ நகர்ற மாதிரி விடுங்க. காயில் நுனி டெர்மினலுக்கு வர்ற இடத்துல எஸ்எஸ் ஐலெட் (ஓட்டைக்குள்ள அடிக்கிற வளையம்) அடிங்க, வெறும் ஓட்டையில கம்பி உரசினா அறுத்துட்டு வெளிய வந்துடும்.

வெட்டும்போது பல்லு மூலையைக் கூரா விடாதீங்க, முதல்ல சின்ன ஓட்டை துளைச்சுட்டு அப்புறம் அது வரைக்கும் வெட்டுங்க. துளைக்கும்போது கீழ மேல பலகை வச்சு அமுக்கிப் பிடிங்க. மாஸ்க் போட்டுக்கங்க.

பழைய_போர்மேன்:
ரீவைண்டிங் சொல்ற மாதிரி மாட்டினா எனக்கும் சம்மதம். ஒரு திருத்தம். காத்து கம்மியா போற மூலையில சிவப்பு தெரிஞ்சதுன்னு சொன்னாரே, அந்த மூலைப் பல்லுகள்ல காயிலுக்கு சின்ன ஸ்டியடைட் மணி கோத்து உக்கார வைங்க. ஒண்ணு ஒரு கிராம் ரெண்டு கிராம்தான் இருக்கும். சூட்டோட உச்சத்தை மணி வாங்கிக்கும், மைக்கா அதைப் பிடிச்சுட்டு மட்டும் இருக்கும். அதுக்கு மேல, அந்த மூலைக்கு காத்து போற மாதிரி உள்ள ஒரு தடுப்புத் தகடு வைங்க. சிவப்பு போயிடுச்சுன்னா காயில் ஆயுளும் கூடும்.

லேப்_அக்கா:
இது நல்ல ஏற்பாடு ஐயா. செராமிக் கொஞ்சம், அதுக்கு உண்டான இடத்துல.

மாட்டி முடிச்சதும் இலை இல்லாம, கதவைத் திறந்து போட்டு, புகையும் நாத்தமும் சுத்தமா நிக்கிற வரைக்கும் ஓட்டுங்க. அப்புறம் ரெண்டு டெஸ்ட். 500 வோல்ட் மெக்கர் குளிர்ல ஒரு தடவை, ஓட்டி அணைச்ச உடனே சூட்டோட ஒரு தடவை. எல்லா இன்சுலேஷனும் சூடாக சூடாக ரெசிஸ்டன்ஸ் இறங்கும், போர்சலின் உட்பட, அதுக்குள்ள இருக்கிற சோடியம் பொட்டாசியம் அயனியெல்லாம் சூட்டுல நகர ஆரம்பிச்சிடும். குளிர்ல நல்ல ரீடிங் வந்துச்சுன்னு மட்டும் அனுப்பிடாதீங்க. ரெண்டாவது கசிவு கரண்ட். வீட்டுச் சாமான்களுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 302ல நிலையா வச்ச எர்த் உள்ள ஹீட்டருக்கு கிலோவாட்டுக்கு 0.75 மில்லி ஆம்பியர், மொத்தம் 5 தாண்டக் கூடாதுன்னு இருக்கு. உங்களுது வீட்டுச் சாமான் இல்லன்னாலும் அதையே அளவுகோலா வைங்க, 6 கிலோவாட்டுக்கு 4.5. எர்த் ஒயரும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகுற ஸ்விட்ச்) இல்லாம ஒரு மிஷின் கூட வெளிய போகக் கூடாது, ஈரமான தோட்டத்துல வெறும் காலோட நின்னுட்டு இலை கொட்டுறவங்கதான் அதைத் தொடப் போறாங்க.

ப்ளோவர் நின்னா ஹீட்டர் கட் ஆகுற மாதிரி காத்து ஸ்விட்ச் ஒண்ணு, அது போக கையால ரீசெட் பண்ற தெர்மல் கட்-அவுட் ஒண்ணு. மைக்கா தாங்கிடும், இலைத்தூள் தாங்காது, தீப்பிடிச்சிடும். காத்து உள்ள வர்ற பக்கம் வலை ஃபில்டரும் போடுங்க.

முருங்கைக்காட்டான்:
ரொம்ப நன்றிக்கா, ஐயா, அண்ணா. கடைசியா ரெண்டு சந்தேகம். ஐலெட்ல இருந்து டெர்மினல் வரைக்கும் என்ன ஒயர்? கடையில ரெண்டு விதமா மைக்கா காட்டுறாங்க, ஒண்ணு வெள்ளி மாதிரி, ஒண்ணு கொஞ்சம் பச்சை கலந்த தங்க நிறம், விலை வித்தியாசம் இருக்கு.

சிங்காநல்லூர்_ரீவைண்டிங்:
வெள்ளி நிறம் மஸ்கோவைட், 500 வரைக்கும். தங்கப் பச்சை ஃப்ளோகோபைட், 700 வரைக்கும். உங்க காயில் 500க்குப் பக்கத்துல ஓடுது, ஒரு மூலை தாண்டவும் தாண்டுது, அதனால காசு பாக்காம ரெண்டாவதை வாங்குங்க. நம்ம நாட்டுல ஜார்க்கண்ட் கோடர்மா பக்கமும் நெல்லூர் கூடூர் பக்கமும் எடுக்கிறது மஸ்கோவைட், ஃப்ளோகோபைட் பெரும்பாலும் வெளிய இருந்து வருது, விலை அதனாலதான். கோடர்மா பக்கம் சின்னப் பிள்ளைங்களை வச்சு மைக்கா பொறுக்குறாங்கன்னு எத்தனையோ தடவை செய்தி வந்திருக்கு, வாங்குற இடத்துல எங்க இருந்து வருதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

ஒயருக்கு, டெர்மினல் வரைக்கும் மைக்கா டேப் சுத்தி மேல கண்ணாடி இழை பின்னின ஒயர், உள்ள நிக்கல் கம்பி, 450 டிகிரி தரம்னு கேளுங்க. ஈயப்பத்து வைக்காதீங்க, கிரிம்ப் பண்ணுங்க, லக்கும் நிக்கல் இல்லன்னா எஸ்எஸ். டெர்மினலுக்கு வெளிய வந்ததும் கண்ணாடிப் பின்னல் போட்ட சிலிக்கான் ரப்பர் ஒயர், 4 சதுர மிமீ, போதும். பேஸுக்கு 9 ஆம்பியர் கூட வராது, ஆனா சூடான இடத்துல போற ஒயர், ஒரு சைஸ் ஏத்திப் போடறதுதான் நல்லது.